இன்பாக்ஸ் காலியானால் குற்றவாளி யார்?

கேள்வி: பத்து வருடத்து மெயில்களைக் கணினியிலேயே சேர்த்து வைத்திருந்தேன். சென்ற வாரம் வேலை நடுவில் மின்சாரம் போய்த் திரும்பியதும் இன்பாக்ஸ் காலி. மற்ற ஃபோல்டர்கள் அப்படியே இருக்கின்றன. இது இரண்டாவது முறை. நம்பி வைக்க எந்த மெயில் மென்பொருள் நல்லது?

பதில்: மென்பொருளைப் பற்றி அப்புறம் பேசலாம். இப்போதைக்கு அதை மூடிவிட்டு, மறுபடி திறக்காமல் இருங்கள். அது மெயில் வைத்திருக்கும் ஃபோல்டரை முழுதாக வேறொரு டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பதெல்லாம் அந்த நகல் கையில் வந்த பிறகுதான். கூடவே, பிரவுசர் வழியாக உங்கள் மெயில் கணக்கைத் திறந்து பாருங்கள். காணாமல் போனவை மெயில் நிறுவனத்தின் சர்வரிலேயே பத்திரமாக இருந்தால் பாதிக் கவலை விட்டது.

இன்பாக்ஸ் மட்டும் போய் மற்றவை தப்பியது ஒரு நல்ல துப்பு. அவுட்லுக்கில் பிஓபி (மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்கு என்றால் எல்லா ஃபோல்டரும் பிஎஸ்டி என்ற ஒரே ஃபைலுக்குள் இருக்கும். கெட்டால் பெரும்பாலும் எல்லாமே தடுமாறும். தண்டர்பேர்ட், பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்றவை ஃபோல்டருக்கு ஒரு ஃபைல் வைப்பவை. உங்களுடையது இந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வகையில் நீங்கள் அழித்த மெயில் உடனே போய்விடுவதில்லை. கணக்கு நோட்டில் வேண்டாத வரியை அடித்து வைப்பது போல, 'அழிந்தது' என்ற குறி மட்டும் விழும். அடித்த வரிகள் பெருகியதும் மிச்சத்தைப் புது நோட்டில் எழுதிக்கொண்டு பழையதைத் தூக்கிப் போடுகிறது மென்பொருள். அதற்குப் பெயர்தான் கம்பாக்ட். இந்த நோட்டு மாற்றம் முடிவதற்குள் மின்சாரம் போனால் மெயில்கள் தொலைந்துபோக வாய்ப்பு உண்டு.

தண்டர்பேர்ட் என்றால், நகலெடுத்த ஃபோல்டரில் 'இன்பாக்ஸ்' என்ற, பின்னொட்டு இல்லாத ஃபைலைத் தேடுங்கள். அளவு இன்னும் பெரிதாகவே இருக்கிறதா? அப்படியானால் மெயில்கள் உள்ளேதான் இருக்கின்றன, எம்எஸ்எஃப் என்று முடியும் அட்டவணை ஃபைல்தான் கெட்டிருக்கிறது. நகல் பத்திரமாக இருக்க, தண்டர்பேர்டைத் திறந்து இன்பாக்ஸில் வலது கிளிக் செய்து, பண்புகளுக்குப் போய், 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுத்தால் அட்டவணை புதிதாக உருவாகிவிடும். ஃபைலே சுருங்கியோ மறைந்தோ போயிருந்தால் ஆன்டிவைரஸின் தனிமைப் பெட்டியை (குவாரன்டைன்) பாருங்கள். ஒரே ஒரு சந்தேகத்துக்குரிய இணைப்புக்காக மொத்த இன்பாக்ஸையும் தூக்கிக்கொண்டு போகும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. என்னுடைய மூன்று வருட மெயில் ஒருமுறை அப்படித்தான் சிறையில் கிடந்தது!

அவுட்லுக் என்றால், கூடவே வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' பழுதுபார்க்கும். பிஎஸ்டி அளவையும் கவனியுங்கள். 2002 பதிப்பு வரை 2 ஜிபிதான் உச்சம். 2003-ல் 20 ஜிபி ஆனது. 2010 முதல் 50 ஜிபி. அந்தக் காலத்து ஃபைலையே இன்றும் இழுத்துக்கொண்டு வருபவர்களுக்கு 2 ஜிபி வரம்பு இன்னும் தொடரும்.

சரி, எதற்கு மாறுவது? என்னைக் கேட்டால், மென்பொருளை விட முக்கியமானது நீங்கள் மெயிலை எடுக்கும் முறை. பிஓபி முறையில் மெயில் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து நீங்கிவிடலாம். 'சர்வரில் ஒரு நகலை வை' என்பதை டிக் செய்யாவிட்டால் உங்கள் கணினியில் இருப்பதுதான் ஒரே பிரதி. ஐமேப் முறையில் மூலப்பிரதி சர்வரில் இருக்கும், கணினியில் தெரிவது அதன் பிம்பம். கணினி கெட்டாலும் மெயில் கெடாது. ஆனால் ஐமேப்பைப் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். போனில் தவறி அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், ஜிமெயிலில் குப்பைத் தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும்.

என் ஓட்டு தண்டர்பேர்டுக்கு, ஐமேப்புடன். இலவசம் என்பதை விட, அது மெயிலைச் சேமிக்கும் 'எம்பாக்ஸ்' வடிவம் வெறும் எழுத்துக் கோப்பு என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃபைல் பாதி சிதைந்தாலும் மீதியை நோட்பேட் போன்ற ஒன்றில் திறந்து மீட்கலாம். ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல் என்று வைக்கும் கிளாஸ் மெயில் இன்னும் பத்திரம், ஆனால் அலங்காரமான ஹெச்டிஎம்எல் மெயில் எழுத அதில் வழியில்லை. அலுவலக எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அலுவலக மெயில் சர்வர்) கணக்கும் காலெண்டரும் வேண்டும் என்றால் அவுட்லுக்கை விட்டு ஓட வேண்டாம்.

எதுவானாலும் இன்பாக்ஸைக் கிடங்காக்காதீர்கள். தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்தெடுத்து 'ஏ' விசையை அழுத்தினால் அது அந்தந்த வருடத்து ஆர்கைவ் ஃபோல்டருக்குப் போய்விடும். பழைய வருடத்து ஃபைலில் எதையும் அழிக்காதவரை கம்பாக்டும் அதைத் தொட அவசியமில்லை. மாதம் ஒருமுறை, மென்பொருளை மூடிவிட்டு, மெயில் வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை வெளி டிரைவில் நகலெடுங்கள்.

தண்டர்பேர்டில் பிஓபி கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது. புதிதாக ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழைய மெயில்களை அதற்குள் சிறிது சிறிதாக இழுத்து விடுங்கள். சர்வரில் இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள், ஜிமெயிலின் இலவச 15 ஜிபி கூகுள் டிரைவுக்கும் சேர்த்துத்தான். பிரவுசரில் திறந்து எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று பார்த்த பிறகே பழைய கணக்கை நீக்குங்கள்.