பழைய சாமானை ஆன்லைனில் விற்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

எவ்வளவுக்கு விலைபோகும் என்று கேட்பவர்கள் உண்டு. செலவு போகக் கையில் எவ்வளவு நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு. விற்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த இரண்டாவது கேள்விதான்.

கேள்வி: அலமாரியைக் காலி செய்ததில் துணி, மிக்ஸி, பொம்மை, பழைய ஃபோன், புத்தகம் என நாற்பது ஐம்பது சாமான் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். கிடைக்கக்கூடிய விலையிலிருந்து தளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி, டேப், பபிள் ரேப், கூரியர் எல்லாவற்றையும் கழியுங்கள். அடுத்தது உங்கள் நேரம். துடைத்து, இயக்கிப் பார்த்து, படமெடுக்க 20 நிமிடம், விவரம் எழுத 10, "இருக்கா?", "கடைசி விலை என்ன?" என்று வருவோருக்குப் பதில் சொல்ல 20, கட்டி அனுப்ப 30. ஆக ஒரு பொருளுக்கு 80 நிமிடம். 1,000க்கு விற்றதில் கமிஷன் 100, பேக்கிங் 60, கூரியர் 200 போனால் நிற்பது 640. இது பரவாயில்லை. அதே 80 நிமிடத்தைச் செலவழித்து ஒரு சட்டையை 300க்கு விற்றால், பேக்கிங்கும் கூரியரும் குறைந்தாலும், நிற்பது நூறு சொச்சம்தான்.

கூரியர் விஷயத்தில் பலரும் ஏமாறுவது எடையில். பெட்டி பெரிதாகவும் உள்ளே இருப்பது லேசாகவும் இருந்தால், கூரியர்காரர்கள் தராசில் காட்டும் எடைக்குக் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து வருவதைக் கிலோவாக எடுத்துக்கொள்வார்கள். 50 × 40 × 30 பெட்டியில் 2 கிலோ கரடி பொம்மையை வைத்தால், 60,000ஐ 5,000ஆல் வகுத்து 12 கிலோவுக்கு பில் வரும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். எனவே பொம்மையை அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சிறியதாகவும் விலை கூடியதாகவும் இருப்பவற்றை மட்டும் ஆன்லைனில் போடுங்கள். குழந்தைத் துணிகளைத் தனித்தனியாகப் போடாமல், ஒரே அளவில் பத்து உருப்படியை ஒரே கட்டாக விற்றால் ஒரு படம், ஒரு பேரம், ஒரு பார்சலோடு வேலை முடியும்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய உடற்பயிற்சி சைக்கிள். பத்து தடவைகூட ஓட்டவில்லை. வாங்கிய விலையில் முக்கால்வாசியாவது கேட்பது நியாயம்தானே?

பதில்: நியாயம் உங்களுக்கு. வாங்குபவர் அதே தளத்தில் அதே சைக்கிளை இன்னும் ஆறு பேர் விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் எத்தனை தடவை ஓட்டினீர்கள் என்பது அவருக்குப் பொருட்டில்லை.

காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இதைப் பொருளியலாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் கானெமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கைக்கு வந்து சில நிமிடமே ஆனவர்கள் கேட்ட விலை, கோப்பை இல்லாதவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரண்டு வருடம் வீட்டில் இருந்த சைக்கிளுக்கு மனசு என்ன விலை சொல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறர் கேட்கும் விலையைப் பார்த்து விலை வைக்காதீர்கள். விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். சில தளங்களில் 'விற்றவை' என்று வடிகட்டும் வசதி இருக்கிறது. இல்லாத தளத்தில், உங்களுடையதைப் போன்ற ஐந்தாறு விளம்பரங்களைக் குறித்துவைத்து ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். காணாமல் போனவை பெரும்பாலும் விற்றவை, அப்படியே நிற்பவை விலை கூடியவை. விற்றவற்றின் விலைக்கு மேல் பேரத்துக்காக 10 சதவீதம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் பேரம் பேசக்கூட ஆள் வராது. கனமான சாதனம் என்பதால், 'நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கேள்வி: பழைய ஃபோனை ரீசெட் செய்துவிட்டால் போதுமா? வேறு என்ன செய்யவேண்டும்?

பதில்: ரீசெட் கடைசி வேலை. அதற்கு முன்னால் செய்யவேண்டியதை விட்டுவிட்டு நேராக ரீசெட்டுக்குப் போனால் வம்பு உங்களுக்கும் உண்டு, வாங்குபவருக்கும் உண்டு.

முதலில் வங்கி, மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு ஆறு இலக்க எண் உருவாக்கித் தரும் அங்கீகாரச் செயலியைப் புது ஃபோனுக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு தடவை உள்நுழைந்து பாருங்கள். படங்களை எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், இதை மறந்துவிடுவார்கள். பழைய ஃபோன் அழிந்தபின் சொந்தக் கணக்கின் கதவே திறக்காமல் நிற்பது இதனால்தான். பிறகு வாட்ஸ்அப் பேக்கப். பிறகு சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். இ-சிம் இருந்தால் அதை நீக்குங்கள்.

அடுத்தது திருட்டைத் தடுக்கும் பூட்டு. ஐஃபோனில் 2013இல் ஐஓஎஸ் 7உடன் ஆக்டிவேஷன் லாக் வந்தது. ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பிலிருந்து இதேபோன்ற பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல் வேறு வழியில் அழித்தால், ஃபோன் மறுபடி விழித்ததும் உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும்; வாங்கியவர் கையில் அது வெறும் கண்ணாடிப் பலகை. ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட், அதில் 'எரேஸ் ஆல்' என்று போனால் கடவுச்சொல் கேட்டுப் பூட்டையும் எடுத்துவிடும். ஆப்பிள் வாட்ச் இருந்தால் ஃபோனுடன் அதன் இணைப்பை முன்பே துண்டித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கையும், தயாரிப்பாளரின் தனிக் கணக்கு இருந்தால் அதையும் செட்டிங்ஸில் நீக்கிவிட்டு, திரைப்பூட்டை எடுத்துவிட்டு, அங்கிருந்தே ரீசெட் கொடுங்கள்.

ரீசெட் முடிந்ததும் அணைத்து அப்படியே பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வைஃபையில் இணைத்து இரண்டு மூன்று திரை தள்ளிப் போங்கள். பழைய கணக்கைக் கேட்காமல் புதுக் கணக்கைக் கேட்டால் சுத்தம். ஐஃபோனைப் பூட்டோடு கொடுத்துவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம்; ஐக்ளவுட் தளத்தில் உள்நுழைந்து, கருவிகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கினால் தூரத்திலிருந்தே பூட்டு திறக்கும்.

அழித்த படங்களை மீட்டுவிடுவார்களோ என்ற பயம் இன்றைய ஃபோன்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. உள்ளே இருப்பது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யப்பட்டே கிடக்கிறது. ரீசெட் அதன் சாவியை அழித்துவிடுகிறது. மெமரி கார்டு அப்படி இல்லை. அதை விற்பனையில் சேர்க்காதீர்கள்.

விளம்பரத்தில் பேட்டரியின் ஆரோக்கிய சதவீதத்தை எழுதுங்கள். ஐஃபோன் 14 வரையிலான மாடல்கள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும், 15 வரிசை 1,000 சுற்றுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. 80க்குக் கீழே என்றால் பேட்டரி மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார்கள். *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை (ஃபோனின் அடையாள எண்) உங்களுக்காகக் குறித்துவையுங்கள். படத்தில் அது தெரிய வேண்டாம். பேட்டரி வீங்கியிருந்தால் விற்பனையே வேண்டாம்: சேதமான லித்தியம் பேட்டரியை விமானச் சரக்கில் ஏற்றக்கூடாது. மின்கழிவு சேகரிப்பிடத்தில் கொடுங்கள்.

கேள்வி: உயிரே வராத லேப்டாப்பை யாராவது வாங்குவார்களா?

பதில்: வாங்குவார்கள், 'ஓடவில்லை, உதிரிக்கு மட்டும்' என்று தலைப்பிலேயே சொன்னால். திரை, கீபோர்டு, கீல், சார்ஜர் ஒவ்வொன்றுக்கும் பழுதுபார்ப்பவர்களிடம் தேவை உண்டு. 1995இல் தொடங்கிய ஈபேயில் முதன்முதலாக விற்ற பொருளே உடைந்த லேசர் பாயிண்டர்தான். உடைந்தது என்று தெரிந்தே ஒருவர் வாங்கினார். ஆனால் உங்கள் கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ கழற்றி வைத்துக்கொண்டு விற்கவும். இயந்திரம் ஓடாததால் அதை அழித்துப் பார்க்க வழியில்லை. அடுத்தவரோ அதைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் படித்துவிடலாம். சில மெல்லிய மாடல்களில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அப்படியானால் போர்டையே எடுத்துவிட்டு மற்றதை விற்கவேண்டியதுதான்.

கேள்வி: பீரோவில் ஐந்து வருடமாகத் தூங்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமரா, இரண்டு லென்ஸ். ஒரே செட்டாக விற்பதா, பிரித்தா?

பதில்: பிரித்து. பாடியின் (லென்ஸ் இல்லாத கேமராவின்) விலை புது மாடல் வரவரச் சரியும். நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாகச் சரியாது. கேமராவுடன் வந்த கிட் லென்ஸ் மட்டும் விதிவிலக்கு. அது தனியாகப் போனால் ஒன்றும் தராது, பாடியுடன் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் முதலில் சோதனை. விளக்கை அணைத்துவிட்டு, லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமாக டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எதுவும் தெரியாது, கண்தான் கூசும். அங்கங்கே புள்ளி புள்ளியாகத் தெரிவது தூசி, படத்தைக் கெடுக்காது. சிலந்தி வலை போலவோ, ஓரத்திலிருந்து கிளைவிடும் மெல்லிய நூல் போலவோ தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பால் படிந்தாற்போல் இருந்தால் மூட்டம். காற்றோட்டமில்லாத ஈரமான பீரோவும் தோல் பையும் பூஞ்சைக்குப் பிடித்த இடங்கள். அது சுரக்கும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்தபின்னும் தடம் நிற்கும். பூஞ்சை இருந்தால் டார்ச் ஒளியில் எடுத்த படத்தையே விளம்பரத்தில் போடுங்கள். மறைத்து விற்ற லென்ஸ் திரும்பி வரும், கூரியர் செலவு இருமுறை உங்கள் தலையில் விழும்.

பாடிக்குக் கேட்கும் முதல் கேள்வி ஷட்டர் கவுன்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை தடவை சொடுக்கியது என்ற எண்ணிக்கை. நிக்கான் கேமராக்களில் கடைசியாக எடுத்த படத்தின் கோப்புக்குள் பதிவாகும் எக்ஸிஃப் தகவலிலேயே அது இருக்கும். தொடக்க நிலை மாடல்களின் ஷட்டர் பெரும்பாலும் 1,00,000 சொடுக்கு என்ற கணக்கில் செய்யப்படுவது. உங்களுடையது 8,000 என்றால் அதைத் தலைப்பில் போடுங்கள், விலையே மாறும். படத்தைப் பதியும் சென்சாரைச் சோதிக்க, லென்ஸ் துளையை எஃப்/16இல் வைத்து வெளிர் வானத்தை ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் தூசி.

கேள்வி: குழந்தையின் கார் சீட், பைக் ஹெல்மெட், தொட்டில் எல்லாம் புதுசு போலவே இருக்கின்றன. விற்கலாமா?

பதில்: ஹெல்மெட் கூடாது. உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கி நசுங்குவதற்காக வைத்தது. நசுங்கியது வெளியே தெரியாது. கார் சீட்டின் அடியில் தயாரித்த தேதியும், பலவற்றில் காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அது விபத்தைக் கண்டதில்லை என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்து, காலமும் மீதி இருந்தால் தெரிந்தவருக்குக் கொடுக்கலாம். முன்பின் தெரியாதவர் உங்கள் வார்த்தையைச் சரிபார்க்க வழியில்லை. பக்கக் கம்பி மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டிலைக் குழந்தைகள் சிக்கி இறந்ததால் 2011இல் அமெரிக்கா தடைசெய்தது, மறுவிற்பனை உட்பட. அந்த வகை என்றால் பிரித்து மரமாகப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: புத்தகங்கள்?

பதில்: பின்னட்டையில் இருக்கும் ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தட்டித் தேடுங்கள் (2007க்கு முந்தையவற்றில் 10 இலக்கம், பிறகு 13). பாடநூலுக்குப் புதுப் பதிப்பு வந்திருந்தால் பழையது எடைக்குத்தான். எளிதில் கிடைக்கும் நாவல்களும் தனியாகப் போனால் கூரியருக்கே காணாது. பதிப்பில் இல்லாதவை, முழுத் தொகுதிகள் இரண்டையும் மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

கேள்வி: விளம்பரம் போட்ட ஐந்தாவது நிமிடம் ஒருவர், பேரமே பேசாமல், "முழுப் பணமும் இப்பவே அனுப்புறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். கியூஆரை ஸ்கேன் செய்து ரகசிய 'பின்' (PIN) எண்ணைப் போடுவது பணம் கொடுக்கும்போது. வாங்கும்போது அதற்கு வேலையே இல்லை. பேரம் பேசாமல், பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வருபவர் அந்தப் பொருளை வாங்க வரவில்லை. இதே ஆட்டத்துக்கு வேறு வேடங்களும் உண்டு: 'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பது, 'கூரியர் ஆள் வருவார், முன்பணம் கட்டுங்கள், பிறகு சேர்த்துத் தருகிறேன்' என்பது, தளத்துக்கு வெளியே ஒரு லிங்க்கைத் தட்டச் சொல்வது. பணம் வந்ததாக அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் மட்டும் பாருங்கள்.

விளம்பரப் படத்திலும் ஒரு கவனம். ஃபோன் கேமரா படத்தினுள் எடுத்த இடத்தையும் பதிந்துவைக்கும். எல்லாத் தளங்களும் அதை நீக்குவதில்லை. இருப்பிட அனுமதியை அணைத்துவிட்டுப் படமெடுங்கள்.

கேள்வி: வாங்கியவர் 'உடைந்து வந்தது' என்கிறார். அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது. யார் பக்கம் நியாயம்?

பதில்: சான்று யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம். இனி அனுப்பும்போது, பொருள் ஓடுவதையும் அதன் சீரியல் எண்ணையும் பெட்டியில் வைத்து ஒட்டுவதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஆறு பக்கமும் குறைந்தது 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும். கண்ணாடிப் பொருளைப் பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்டுங்கள். ஒட்டிய பின் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் திறந்து, இடைவெளியை அடைத்து, மறுபடி ஒட்டுங்கள். விவரத்தில் கீறலை வார்த்தையில் சொல்வதோடு, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்த படமும் இருந்தால், 'சொல்லவில்லையே' என்ற சண்டைக்கு இடமிருக்காது.