பொம்மைக் கண்களில் ஏன் இவ்வளவு பதற்றம்?

"பொப் சர்ரியலிச ஓவியங்களில் பொம்மை மாதிரிச் சிறுமிகளும் முயல்குட்டிகளும்தானே வருகின்றன, அதில் இந்தக் காலத்துப் பதற்றம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வகையில் நான் முதலில் பார்த்த ஓவியம் ஒரு கசற் மட்டை. மைக்கல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்', 1991இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து அண்ணா பெடலைச் சுற்ற, டைனமோவில் பாட்டு ஓடும். நான் ஜாம் போத்தல் விளக்கடியில் மட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ராஜா உடுப்பில் நாய், ராணி உடுப்பில் பறவை, எங்கும் பொன் வேலைப்பாடு. நடுவில் இரண்டு கண்கள் மட்டும். சுற்றியிருந்த கொண்டாட்டம் எதுவும் அந்தக் கண்களைத் தொடவில்லை. வரைந்தவர் மார்க் ரைடன் என்பது கன காலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

1970களின் கடைசியில் லொஸ் ஏஞ்சலிசில் கொமிக்ஸ், கார்ட்டூன் பக்கமிருந்து கிளம்பிய ஓவிய இயக்கம்தான் பொப் சர்ரியலிசம். பழைய சர்ரியலிஸ்ட் ஓவியர்கள் தங்கள் படங்களைக் கனவுக்குள் தேடினார்கள். இவர்களோ கடைத் தட்டில் இருக்கும் பொம்மை, மிட்டாய், இறைச்சி எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ரைடனின் ஓர் ஓவியத்தில் ஒரு சிறுமியின் கவுனே பச்சை இறைச்சிதான். கொழுப்பு சரிகை மாதிரி மடிந்து கிடக்கிறது. அவள் முகத்தில் அருவருப்பு இல்லை, பயமும் இல்லை. பயப்பட வேண்டிய வேலை முழுவதும் பார்க்கிற நமக்கு வந்துவிடுகிறது. பதற்றம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1960களில் மார்கரெட் கீன் வரைந்த பெரிய கண் பிள்ளைகள் சோகமாகப் பார்த்து நம்மிடம் இரக்கம் கேட்டார்கள். இவள் எதையுமே கேட்கவில்லை. போனில் குண்டுவெடிப்பையும் கேக் செய்முறையையும் ஒரே விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது நம் முகமும் இப்படித்தானே இருக்கும்?

சரி, வீட்டுக் கதை ஒன்று. ஏ/எல்லுக்குச் சித்திரம் படிக்கும் என் பெறாமகள் போன மாதம் ஒரு படம் காட்டினாள். கிணத்தடியில் ஒரு சிறுமி, கையில் போன், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நுங்குக் கண்கள். விரல் பட்டால் தண்ணீர் வழிந்துவிடும் போல அவ்வளவு மெல்லிய தோல்.

"பயந்துபோய் இருக்கிறாளா?" என்று கேட்டேன்.

"இல்லைப் பெரியம்மா, அவள் நித்திரை கொள்ளேல்லை."

அந்தப் படத்தை வாங்கி என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்.