கறுப்புப் பேருந்து

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளை நான்கைந்து வருடங்களாகப் படித்து வருகிறேன். இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதுவது என் மகனுக்காக.

அவனுக்கு ஏழு வயது. என் அப்பாவோடுதான் எந்நேரமும் ஒட்டிக்கொண்டிருப்பான். மூன்று மாதங்களுக்கு முன்பு அப்பா மருத்துவமனையில் இறந்துவிட்டார். இவனைக் கூட்டிப்போகவில்லை. சின்னப் பையன், தாங்கமாட்டான் என்று நினைத்து, தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லி வைத்தோம். அவனும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துவிட்டான். பள்ளியில் கேட்டதற்குத் தலையாட்டுகிறானாம், அவ்வளவுதான். வீட்டில் தினமும் ஒரே படம் வரைகிறான். ஒரு பேருந்து. முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்த அவனுடைய ஆசிரியை, கறுப்பிலேயே வரைந்தால் மனச்சோர்வு என்று அர்த்தம் என்றார். பயந்துபோய் ஓர் ஓவிய வகுப்பில் சேர்த்தோம். ஒரு போட்டிக்கும் பெயர் கொடுத்தோம். இப்போது வகுப்புக்குக் கிளம்பும் நேரம் வந்தாலே அழுகிறான்.

ஆர்ட் தெரபி, ப்ளே தெரபி என்கிறார்களே, இதெல்லாம் நிஜமாகவே பலன் தருமா? விளையாடுவதற்கும் வரைவதற்கும் பணம் கொடுத்து ஓர் ஆள் வேண்டுமா என்று என் மனைவி கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

எம்.

(பெயரையும் ஊரையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள எம்.,

உங்கள் அப்பாவின் மறைவுக்கு என் வருத்தங்கள். கடிதம் முழுக்க மகனைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவை இழந்தவர் நீங்களும்தான். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

நான் மருத்துவன் இல்லை. பல வருடங்கள் குழந்தைகளுக்குக் கதை சொன்னவன், அவ்வளவுதான். ஆனால் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகச் சிகிச்சை தருகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி, அவரோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் அந்தக் கறுப்பு. ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்கிற அகராதிக்கு அடிப்படை கிடையாது. குழந்தை கறுப்பை எடுப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். வெள்ளைத் தாளில் நன்றாகத் தெரிகிற நிறம் அது. பெட்டியில் உடையாமல் மிச்சம் இருந்ததும் அதுவாக இருக்கலாம். மூன்று நான்கு வயதில் பல குழந்தைகளும் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து நேராக இரண்டு கால்களை இறக்கி, இதுதான் அம்மா என்று காட்டும். அம்மாவுக்கு வயிறு கிடையாது என்று அந்தக் குழந்தை நம்புகிறது என்று யாராவது சொல்வோமா?

படத்தை வைத்துக் குழந்தையை அளக்கும் ஆசை பழையது. 1926இல் ஃபுளோரன்ஸ் குட்எனஃப் என்கிற அமெரிக்க உளவியலாளர், குழந்தையை ஒரு மனிதனை வரையச் சொல்லி, அதில் என்னென்ன உறுப்புகள் வந்திருக்கின்றன என்று எண்ணி அறிவு வளர்ச்சியைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார். அதில் எண்ணுவதற்காவது ஏதோ இருந்தது. பின்னால் வந்தவர்கள் வீடு, மரம், மனிதன் என்று வரையச் சொல்லி மனதின் ஆழத்தையே படிக்கத் தொடங்கினார்கள். ஜன்னல் இல்லையா, ஒதுங்கிப் போகிறவன். கை சின்னதா, தன்னம்பிக்கை இல்லாதவன். இந்த வாசிப்புகள் நம்பத்தக்கவை அல்ல என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. ஆனாலும் கைரேகை போல இது ஓய்வதாக இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார் என்ற உங்கள் வரியையும், தினமும் ஒரு பேருந்து என்ற வரியையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாருங்கள், படத்தைப் படிக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே நானும் படிக்கத் தொடங்கிவிட்டேன். அவன் தாத்தா திரும்பி வரும் பேருந்தை வரைகிறானா? தெரியாது. அவனுக்குப் பேருந்து பிடிக்கும் என்பதைத் தவிர அதில் வேறொன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பேருந்துக்கு என்ன பொருளாக இருந்தாலும், நீங்கள் அவனிடம் சொன்னது பொய். மூன்று மாதமாக ஒரு பையன் அந்தப் பொய்யோடு தனியாக இருக்கிறான்.

கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சாவைப் பற்றி முக்கியமான விஷயங்கள் பிடிபடத் தொடங்குகின்றன. செத்தவர் திரும்பி வரமாட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிடும், எல்லோருக்கும் இது நடக்கும். உங்கள் மகன் அந்த வயதில்தான் இருக்கிறான். வீட்டுப் பெரியவர்களின் முகங்களையும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பான். நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருப்பீர்கள். அவனைக் கண்டதும் பேச்சை மாற்றியிருப்பீர்கள். தாத்தா பேச்சை இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவன் கற்றுக்கொண்டிருக்கலாம். அப்படிப் பார்த்தால் அவன் மௌனம் வீட்டார் மௌனத்தின் நகல்.

ஆகவே எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் உண்மையைச் சொல்லுங்கள். இறந்துவிட்டார் என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். தூங்கிவிட்டார் என்று சொன்னால் இரவில் தூங்கவே பயப்படும் குழந்தைகள் உண்டு. 'தாத்தா உடம்பு ரொம்ப மோசமாகி இறந்துட்டார். ஊருக்குப் போயிருக்கார்னு அப்பா சொன்னது தப்பு. அப்போ அப்பாவுக்குச் சொல்லத் தைரியம் இல்லை.' இவ்வளவு போதும். அவன் அழலாம். அழாமல் விளையாடவும் ஓடிவிடலாம். இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு கேள்வி வரும். குழந்தைகள் துக்கத்தைத் தவணை முறையில்தான் கட்டுகிறார்கள். அவன் எதிரில் உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். உங்கள் துக்கத்தைப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான்.

சரி, இந்த விளையாட்டுச் சிகிச்சை விஷயத்துக்கு வருவோம்.

உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்ட் 1920இல் வெளியிட்ட நூலொன்றில் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் குழந்தை நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கட்டில் மறைப்புக்கு அப்பால் எறிந்து 'ஓ' என்று நீட்டி ஒலிக்கும். பிறகு நூலை இழுத்து, கட்டை தெரிந்ததும் சந்தோஷமாக 'இதோ' என்னும். திரும்பத் திரும்ப இதே வேலை. அம்மா வெளியே போய்த் திரும்பி வருவதைத்தான் குழந்தை விளையாடுகிறது என்று ஃபிராய்ட் புரிந்துகொண்டார். அம்மா போவதைக் குழந்தையால் தடுக்க முடியாது. ஆனால் இந்தக் கட்டையை அனுப்புவதும் வரவழைப்பதும் அதன் கையில் இருக்கிறது. ஃபிராய்டின் மற்ற கருத்துகளில் எனக்குப் பாதிக்குமேல் உடன்பாடு இல்லை. இந்த ஒரு காட்சியை மட்டும் விடமுடியவில்லை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கதை சொல்லப் போகும் இடத்தில் ஒரு சிறுமி வாராவாரம் ஒரே கதையைக் கேட்பாள். காட்டில் வழி தவறிய முயல்குட்டி, இருட்டிய பிறகு வளைக்குத் திரும்பும் கதை. ஏழெட்டு வாரம் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் முடிவை மாற்றினேன். முயல் அங்கேயே புது நண்பர்களோடு தங்கிவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரமும் வரவில்லை. நண்பரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. 'அது உனக்குத்தான் கதை. அவ அதுல குடியிருந்தா' என்றார். அவளுக்கு வீட்டில் என்ன பிரச்சினை என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. முயலைத் திருப்பி அனுப்பியிருந்தால் போதும்.

மார்கரெட் லோவன்ஃபெல்டின் கதையும் இந்தத் திசையில்தான் போகிறது. அவர் லண்டனில் 1928இல் குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை ஒன்றைத் தொடங்கிய மருத்துவர். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் தன் பிள்ளைகளோடு தரையில் பொம்மைகளை அடுக்கி விளையாடியதைப் பற்றி 1911இல் எழுதிய சின்ன நூல் லோவன்ஃபெல்டுக்கு நினைவிருந்தது. அதனால் குட்டி மனிதர்கள், மிருகங்கள், வீடுகள், வேலிகள் என்று சேகரித்து வைத்தார். பக்கத்தில் மணல் தட்டும் இருந்தது. பொம்மைகளை எடுத்து மணலில் வைக்கத் தொடங்கியவர்கள் குழந்தைகளே. அப்படி அமைத்ததற்கு 'உலகம்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். இன்று பல நாடுகளில் மணல்தட்டுச் சிகிச்சை என்று பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர்கள் பேர் தெரியாத சில பிள்ளைகள். லோவன்ஃபெல்டின் பெருமை, அதைத் தடுக்காமல் கவனித்தது.

உங்கள் மனைவியின் கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. விளையாடுவதற்கு ஆள் வேண்டாம். குறுக்கிடாமல் இருப்பதற்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் வேண்டியிருக்கிறது. வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1947இல் விளையாட்டுச் சிகிச்சைக்கு எழுதிய நெறிகளைப் படித்தால் பெரும்பாலும் சிகிச்சையாளரைக் கட்டிப்போடுபவைதான். குழந்தையை உள்ளபடி ஏற்றுக்கொள், வழி அது காட்டட்டும், அவசரப்படுத்தாதே. அடிப்பது, உடைப்பது போன்றவற்றுக்குத் தேவையான அளவு மட்டும் எல்லை போடு. வாரம் ஒருமுறை, அதே அறை, அதே நேரம், பொம்மைகள் போன வாரம் இருந்த இடத்திலேயே. சொல்லும்போது எளிது. ஏழு வயதுப் பையன் ஒரு பொம்மையை இருபது நிமிடம் மணலில் புதைத்துப் புதைத்து எடுக்கும்போது, 'அது தாத்தாவா?' என்று கேட்காமல் உட்கார்ந்து பாருங்கள். நானோ நீங்களோ கேட்டுவிடுவோம்.

பலன் உண்டா என்றால், பல குழந்தைகளுக்கு உண்டு. பெற்றோரும் சேர்ந்து ஈடுபடும்போது கூடுதலாகவே உண்டு. சர்வரோக நிவாரணி இல்லை. பேச்சு வளர்ச்சி தாமதம் என்றால் பேச்சுப் பயிற்சியாளர்தான் வேண்டும், மணல் தட்டு போதாது. கடையில் விற்கும் வண்ணம் தீட்டும் புத்தகத்தின் அட்டையில்கூட இப்போது 'தெரபி' என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஓவிய வகுப்பும் அப்படித்தான். வகுப்பில் படம் நன்றாக வரவேண்டும். சிகிச்சையில் படம் எப்படி வந்தாலும் சரி, கிழித்தாலும் சரி. நீங்கள் அவனிடமிருந்த ஒரே இடத்தைப் பிடுங்கிப் போட்டியில் வைத்துவிட்டீர்கள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்கிற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். தாமாகவே ஆசையாக வரையும் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். தந்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசே வாங்காத குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் இவர்கள் செலவிட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. வரைவது கூலி வேலை ஆகிவிட்டால் குழந்தைக்கு அதில் என்ன இருக்கிறது?

ஃபிரீடல் டிக்கர்-பிரான்டைஸைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. ஜெர்மனியின் பௌஹாஸ் கலைப்பள்ளியில் படித்த ஓவியர். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை செக் மண்ணில் யூதர்களை அடைத்துவைத்திருந்த டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே கிடைத்த தாள்களை வைத்து யூதக் குழந்தைகளுக்கு ரகசியமாக வரையச் சொல்லிக்கொடுத்தார். உங்கள் வேதனையை வரையுங்கள் என்று அவர் அவர்களைக் குடையவில்லை. பூ, ஜன்னல், பழைய ஓவியங்களின் நகல், வண்ணத் தாள் ஒட்டுவது, இப்படித்தான். வரைந்தவர் தன் பெயரை எழுத வேண்டும், முகாம் எண்ணை அல்ல. 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மிஞ்சின. போருக்கு முன் அவரிடம் படித்த எடித் கிராமர் அமெரிக்காவுக்குப் போய், குழந்தைகளுக்கான ஓவியச் சிகிச்சையை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், அரைமணி நேரம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு அவனோடு தரையில் உட்காருங்கள். என்ன செய்வது என்று அவன் முடிவு செய்யட்டும். வின்னிகாட் என்கிற குழந்தை மருத்துவர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போடுவார், குழந்தை அதை ஏதாவது படமாக மாற்ற வேண்டும். அடுத்து குழந்தை கிறுக்கும், அவர் மாற்றுவார். அதை முயன்று பாருங்கள். நீங்கள் மோசமாக வரைபவர் என்றால் ரொம்ப நல்லது. பேருந்து வந்தால் 'இன்னைக்கு சக்கரம் பெருசா இருக்கு' என்று கண்ணில் பட்டதைச் சொல்லலாம். சூப்பர் என்று சொல்ல வேண்டாம், ஏன் கறுப்பு என்றும் கேட்க வேண்டாம். முக்கியமாக, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அது அவனுடைய கடிதம், உங்களுக்குக்கூட எழுதியதாக இல்லாமல் இருக்கலாம்.

இதையெல்லாம் செய்துகொண்டே ஒரு குழந்தை மருத்துவரையும் பாருங்கள். பேச்சு குறைந்த குழந்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. பள்ளியில் பேசாமை ஒரு மாதத்துக்கு மேல் நீடிப்பதே ஒரு குழந்தை உளவியலாளரிடம் போகப் போதுமான காரணம். தூக்கம் கெடுவது, நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வருவது, பிடித்த விளையாட்டுகளையும் விடுவது, இவற்றைக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். அவருக்கு ஒற்றைப் படத்தைவிட அந்தக் குறிப்பு உதவும். சாக வேண்டும் என்றோ, தாத்தாவிடம் போகிறேன் என்றோ அவன் சொன்னால் அன்றைக்கே கூட்டிப்போங்கள். சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது எங்கே பயிற்சி பெற்றார், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார், பெற்றோரோடு எப்படிப் பேசுவார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்தே அமர்வில் சரியாக்கித் தருகிறேன் என்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

பழைய பேருந்துப் படங்களை எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பின்பக்கம் தேதி போட்டு ஓர் உறையில் வைத்து, அந்த உறையை அவனிடமே கொடுத்துவிடுங்கள். ஓவிய வகுப்புக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். போட்டியிலிருந்து இன்றைக்கே பெயரை எடுத்துவிடுங்கள்.