ஷார்ட்பிரெட் கேள்வி பதில்: பிசையாத மாவின் பக்குவம்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் கற்றுக்கொடுத்ததிலிருந்து ஒவ்வொரு டிசம்பரிலும் ஷார்ட்பிரெட் என்னும் அந்நாட்டு வெண்ணெய் பிஸ்கட்டைச் செய்துவருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு அந்தக் கைப்பழக்கத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, இதில் ஈஸ்டும் இல்லை, ரொட்டி போலவும் இல்லை. பிறகு ஏன் பிரெட் என்கிறார்கள்? 'ஷார்ட்' என்றால் குட்டை என்று பொருளா?

பதில்: இடைக்காலத்தில் ரொட்டி சுட்டதுபோக மிஞ்சிய மாவில் இனிப்புச் சேர்த்து, சூடு தணிந்த அடுப்பில் விட்டு உலர்த்தி, ரஸ்க் போலச் செய்து வைத்தார்கள். காலப்போக்கில் ஈஸ்டின் இடத்தை வெண்ணெய் பிடித்துக்கொண்டது; பெயரில் மட்டும் பிரெட் தங்கிவிட்டது. ஷார்ட் என்பது இங்கே நீளத்தைக் குறிப்பதன்று. எளிதில் உதிரும் தன்மைக்கு ஆங்கிலச் சமையல் வழக்கில் உள்ள பழைய சொல். மைதாவில் நீர் பட்டு நாம் பிசையும்போது குளூட்டன் என்னும் புரதம் இழை இழையாகப் பின்னிக்கொள்கிறது. பரோட்டா மாவை வீசினால் கிழியாமல் விரிவது அதனால்தான். ஷார்ட்பிரெட்டில் வெண்ணெய் மாவுத் துகள்களைப் போர்த்திக்கொண்டு நீரை அண்ட விடாததால் அந்தப் பின்னல் உருவாவதில்லை. கடித்தவுடன் உதிர்ந்து நாக்கில் கரைகிறது.

கேள்வி: அளவைக் கப் கணக்கில் சொல்ல முடியுமா? முட்டை, பேக்கிங் பவுடர் எவ்வளவு?

பதில்: முட்டையும் பேக்கிங் பவுடரும் வேண்டவே வேண்டாம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு, எல்லாம் எடைக் கணக்கில். 20 செ.மீ. வட்டத் தட்டுக்கு 75 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் வெண்ணெய், 225 கிராம் மாவு போதும். மாவை அழுத்தி அள்ளினால் ஒரு கணக்கு, தூவி அள்ளினால் ஒரு கணக்கு என்று கப் ஏமாற்றிவிடும் என்பதால் சமையல் தராசு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். மாவில் 40 கிராமைக் குறைத்து அதே அளவு அரிசி மாவோ மெல்லிய ரவையோ சேர்த்தால் நறநறப்பு நன்றாக அமையும். இது ஸ்காட்லாந்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம்தான்.

கேள்வி: சென்னையில் மே மாதம் செய்தேன். மாவு சேரவே இல்லை என்று இரண்டு கரண்டி பால் ஊற்றிப் பிசைந்தேன். கல் போல ஆகிவிட்டது. எங்கே தவறு?

பதில்: அந்தப் பாலில்தான். மேலே சொன்ன பின்னலை நீங்களே நீர் வார்த்து வளர்த்துவிட்டீர்கள். சப்பாத்தி மாவைக் காது மடல் போல மெத்தென்று பிசைந்து பழகிய கைகளுக்கு இந்த மாவு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதன் பதம் புட்டு மாவின் பதம். வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்கும் அளவுக்கு அடிக்காமல், கலந்தவுடன் நிறுத்தி, மாவைச் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு பிடியை அள்ளி இறுக்கினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உடைய வேண்டும். அந்த நிலை வந்ததும் தட்டில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்திச் சமப்படுத்திவிடுங்கள், பிசைய வேண்டாம். மே மாத வெயிலில் வெண்ணெய் உருகி மாவு பிசுபிசுத்தால், கூடுதல் மாவு தூவாமல் தட்டோடு அரைமணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிஸ்கட் ஓவனுக்குள் பரந்து வடிவம் இழப்பதற்கும் பெரும்பாலும் இந்த இளகிய வெண்ணெய்தான் காரணம்.

கேள்வி: வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்க்கலாமா? வீட்டில் கடைந்த வெண்ணெய்?

பதில்: நெய்யில் செய்தால் சுவையாகவே இருக்கும், ஆனால் அது நான்கட்டாய்க்கு நெருங்கிய உறவு. கடை வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பும், மீதியில் பெரும்பகுதி நீரும், சிறிதளவு பால் திடப்பொருளும் உள்ளன. அந்தச் சிறிதளவு நீர் மாவு ஒட்டி நிற்க உதவுகிறது. பால் திடப்பொருள் சூட்டில் சிவந்து, ஷார்ட்பிரெட்டுக்கே உரிய மணத்தைத் தருகிறது. நெய்யில் இரண்டும் இல்லை. வீட்டு வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாகப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். உப்பு வெண்ணெய் என்றால் தனியாக உப்புப் போட வேண்டாம். வனிலா சேர்க்கலாமா என்று மூவர் கேட்டிருந்தீர்கள். நல்ல வெண்ணெய் இருக்கும்போது அதன் மணத்தை மூடுவானேன் என்பதே என் கருத்து.

கேள்வி: மேலே சிவந்துவிடுகிறது, நடுவில் வேகவில்லை. வெட்டினாலும் நொறுங்குகிறது.

பதில்: ஷார்ட்பிரெட் சிவக்கவே கூடாது, வெளிறிய வைக்கோல் நிறம் போதும், ஓரம் மட்டும் சற்றுப் பொன்னிறமாகலாம். 160 டிகிரி செல்சியஸில், நடுத்தட்டில், சுமார் 40 நிமிடம் வையுங்கள். விசிறி உள்ள ஓவன் என்றால் 150 போதும். வைக்கும் முன் முள்கரண்டியால் அடிவரை குத்திவிடுவது அழகுக்காக மட்டுமன்று, ஆவி வெளியேறி நடுப்பகுதி உப்பாமல் இருப்பதற்காகவும்தான். வெட்டுவதை வெளியே எடுத்த ஐந்து நிமிடத்துக்குள், சூடாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஆறியபின் கத்தி வைத்தால் நொறுங்கத்தான் செய்யும்.

கேள்வி: வட்டமாகச் சுட்டு முக்கோணமாக வெட்டும் 'பெட்டிகோட் டெயில்ஸ்' ராணி மேரி விரும்பி உண்டது என்பது உண்மையா?

பதில்: 1561-இல் பிரான்சிலிருந்து திரும்பிய ஸ்காட்லாந்து அரசி மேரியோடு இதை இணைக்கும் கதை பிரபலமானது, சீரகம் போன்ற கேரவே விதையிட்ட வகை அவருக்குப் பிடித்தது என்பார்கள். பெயர் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு என்போர் உண்டு. உள்பாவாடையின் துண்டுகளைப் போன்ற வடிவத்தால் வந்தது என்போரும் உண்டு. எனக்குப் பாவாடைக் கதையே பொருத்தமாகப் படுகிறது. அரசியை நான் கதையாக மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புத்தாண்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: டிசம்பர் 31 இரவை இங்கே ஹாக்மனே என்பார்கள். நள்ளிரவு கழிந்ததும் வீட்டு வாசலை முதலில் மிதிப்பவர் கையில் நிலக்கரித் துண்டு, உப்பு, விஸ்கி, ஷார்ட்பிரெட் போன்றவற்றோடு வந்தால் ஆண்டு முழுவதும் குறைவிருக்காது என்பது நம்பிக்கை. அவர் கறுத்த முடியுடைய ஆணாக இருந்தால் இன்னும் விசேஷம். அதனால் அன்றிரவு எங்கள் தெருவில் என் கணவருக்கு இருக்கும் கிராக்கியைச் சொல்லி மாளாது. நரை விழத் தொடங்கிய பிறகும் அழைப்பு நிற்கவில்லை. ஷெட்லாந்து தீவுகளில் புதுமணப்பெண் வீட்டுக்குள் நுழையும்போது அவள் தலைக்கு மேல் ஷார்ட்பிரெட்டை உடைக்கும் வழக்கமும் இருந்தது.

கேள்வி: எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

பதில்: முழுவதும் ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும், சுட்ட அன்றைவிட மறுநாள் சுவை கூடுதல். மழைக்காலத்தில் நமுத்துப்போனால் 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து ஆறவிடுங்கள், பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும்.