தி ஃபைனல்ஸ்: லைட்டா, ஹெவியா?

தி ஃபைனல்ஸ் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில், கேஷ்அவுட் பெட்டியை (குழு பணத்தைப் போட்டு, அது சேரும்வரை காக்கவேண்டிய பெட்டி) காக்கும்போது லைட் உடனே செத்துவிடுகிறது, ஹெவிக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கும் மூன்று உடல்வகைகளில் லைட்டின் உயிர் 150, மீடியம் 250, ஹெவி 350. நின்ற இடத்தில் நின்று சண்டை போட்டால் 150 தாங்கவே தாங்காது.

குழுவில் ஏற்கெனவே ஒரு ஹெவி இருந்தால் மாறாதீர்கள். பெட்டியடியில் அவர் நிற்கட்டும். நீங்கள் பக்கத்துக் கூரையிலிருந்து, வருகிறவர்களின் முதுகில் சுடுங்கள். டேஷ் (லைட்டின் சட்டென்ற பாய்ச்சல்; சில முறையே கிடைக்கும்) எல்லாவற்றையும் உள்ளே பாயவே செலவழிப்பதால்தான் பலர் சாகிறார்கள். தப்பிக்க ஒன்று கட்டாயம் மிச்சம் இருக்கட்டும்.

ஹெவியே இல்லையென்றால் தயங்காமல் மாறுங்கள். மெஷ் ஷீல்டை (ஹெவியின் பெரிய கேடயம்) பிடித்திருக்கும்வரை சுட முடியாது; விழுந்த கூட்டாளியை எழுப்புகிறவருக்கு மறைப்பாகப் பிடியுங்கள். வாசலை கூ கன்னால் (இறுகிப்போகும் நுரையைச் சுடும் கருவி) அடைக்கலாம், ஆனால் எதிரியிடம் நெருப்பு ஆயுதம் இருந்தால் வேண்டாம், அந்த நுரை எரிந்துபோகும்.