கோடு பேசட்டும்

கேள்வி: கோபுலு மாதிரி மூத்த கார்ட்டூனிஸ்டுகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால் இன்றைய பிள்ளைகள் பார்ப்பார்களா? வாரப் பத்திரிகையையே தொடாதவர்களாயிற்றே!
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: பார்ப்பார்கள். பழியை அவர்கள் மேல் போடாதீர்கள், நாம்தான் ஒழுங்காகக் காட்டவில்லை. ஓவியரைப் பற்றிய படம் என்றால் பிரமுகர்கள் வரிசையாக உட்கார்ந்து ‘மாமேதை’ என்று புகழ்கிறார்கள். அவர் வரைந்ததோ நடுவில் இரண்டு விநாடி வந்து ஓடிவிடுகிறது. இருபது வயதுப் பெண் அதை ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடராக வந்தபோது கோபுலு வரைந்த படம் ஒன்றை எடுங்கள். கேமரா அதன்மேல் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கட்டும். யார் கண் யார் மேல் இருக்கிறது என்று பார்க்கிறவர்களே கண்டுபிடிக்கட்டும். அன்றைய அச்சில் கோட்டுச் சித்திரத்துக்குத் துத்தநாக பிளாக்தான், அதாவது படத்தைத் துத்தநாகத் தகட்டில் பதித்துச் செய்த அச்சு. கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, சாம்பல் கிடையாது. நிழல் வேண்டுமானால் கோடு கோடாக இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். இதை ஓர் ஓவியர் மை தொட்டுத் திரையில் செய்து காட்டினால், ஐபேடில் வரைகிற பையன் எழுந்து போகமாட்டான். வசனமே இல்லாத ஜோக்குகளும் கோபுலு வரைந்திருக்கிறார். அவற்றுக்கு சப்டைட்டில்கூட வேண்டாம், தமிழ் தெரியாதவரும் சிரிப்பார்.

1924இல் தஞ்சாவூரில் பிறந்த கோபாலன், விகடனின் மூத்த ஓவியர் மாலி வைத்த பெயரால் கோபுலு ஆனார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், பக்கவாதத்தால் வலக்கை முடங்கியதும் இடக்கையால் வரையப் பழகினாரே, அதை அவசரமாகக் கடக்கக் கூடாது. வலக்கைக் கோட்டையும் இடக்கைக் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

அவர் 2015இல் மறைந்துவிட்டார். அந்தக் கை வரைவதை இனிப் படம்பிடிக்க முடியாது. எண்பதைத் தாண்டி இன்றும் வரைந்துகொண்டிருப்பவர்களிடமாவது இந்த வருஷமே கேமராவோடு போங்கள்.

அப்புறம், முதல் காட்சியைச் சபாவில் போடாதீர்கள். அங்கே வருகிறவர்களுக்குக் கோபுலுவை ஏற்கெனவே தெரியும். எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் போடுங்கள். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் தீபாவளி மலர்கள் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.