வெனிஸ் உள்ளேயே தங்க வேண்டுமா, மெஸ்த்ரேயில் தங்கி ஒரு பகல் சுற்றினால் போதாதா?

வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள், வெனிஸ் தீவுக்குள் ரூம் விலை பயமுறுத்துகிறது, தீவுக்கு எதிரே கரையில் இருக்கிற மெஸ்த்ரேயில் தங்கச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘எல்லாரும்’ யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது என் அத்தான். நான் அம்மாவைக் கூட்டிப்போய்த் தீவுக்குள் தங்கியதை இன்றைக்கும் கல்யாண வீட்டுப் பந்தியில் எடுத்துவிடுவார். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஸ்த்ரே மோசமான ஊர் என்று சொல்லவரவில்லை. அங்கிருந்து ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் வெனிஸ் தீவின் சாந்தா லூசியா ஸ்டேஷன், வாசலை விட்டு இறங்கினால் நேரே பெரிய கால்வாய். தனியாகப் போகிற இளவட்டத்துக்கு அது போதும். 2024இல் இருந்து, குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தவும் மாட்டேன். மெஸ்த்ரேயும் வெனிஸ் மாநகராட்சிக்குள்தான் வருகிறது, அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. விலக்கை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

என் கணக்கு வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி. வெனிசில் கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. இருப்பது நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு. மெஸ்த்ரேயில் இருந்து வருகிறவர் மதியம் கால் வலித்தால் எங்கே போய்ப் படுப்பார்? அம்மா சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்து காலை நீட்டிப் படுப்பார், ஐந்து மணிக்கு எழுந்து கிளம்புவார். அந்த நேரத்துக்குத்தான் பகல் கூட்டம் ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருக்கும். 1950களின் தொடக்கத்தில் அந்தத் தீவுகளில் 1,70,000 பேருக்கு மேல் குடியிருந்தார்கள். இப்போது 50,000 பேர்கூட இல்லை. அந்த மிச்சப் பேர் கடைக்குப் போவதையும் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பதையும் சாயங்காலத்துக்கு மேல்தான் பார்க்க முடிகிறது. நாங்கள் தீவுக்குள் கனரெஜோ என்கிற பகுதியில் தங்கினோம். மெஸ்த்ரே ரூமோடு ஒப்பிட்டால் ஓர் இரவுக்கு சுமார் 40 யூரோ கூடுதல். “வசதி இருக்கிறவன் பேசுகிறான்” என்று கீழே யாராவது எழுதுவார்கள். எழுதட்டும். அதே ஆட்கள்தான் சான் மார்கோ சதுக்கத்தில் நாற்காலி போட்ட கடையில் உட்கார்ந்து, காப்பிக்கு மேல் வாத்தியக் கச்சேரிக்கும் தனியாகக் காசு கட்டிவிட்டு வருகிறார்கள்.

இன்னொன்று காலை நேரம். நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், பனிமய மாதா கோவில் பக்கம். சான் மார்கோ பேராலயத்தை டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்ப்பதில் அம்மாவுக்கு விருப்பமே இல்லை, பூசை பார்க்க வேண்டும் என்றார். ஜெபிக்க வருகிறவர்களுக்கு வடக்குப் பக்கம் தனி வாசல், கட்டணம் இல்லை. சுற்றுலாக்காரர்களுக்குத் திறந்துவிடுவதற்கு முன்பே காலைப் பூசை முடிந்துவிடும். மேலே முழுக்கத் தங்க மொசைக், கீழே எங்களோடு சேர்த்து ஒரு சின்னக் கூட்டம். பூசை முடிந்து வெளியே வந்தபோது வரிசை சதுக்கத்தில் நீண்டுகொண்டிருந்தது.

சாப்பாடு. நீங்கள் சைவம் என்றால் பீட்சா, பாஸ்தா, போலென்டா என்கிற சோளமாவுக் களி என்று சமாளிக்கலாம், என்னிடம் பெரிய யோசனை இல்லை. மீன் சாப்பிடுவீர்கள் என்றால் கொடுத்துவைத்தவர்கள். பாக்கரோ என்று சின்னச் சின்ன ஒயின் கடைகள் இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் சிக்கெத்தி என்கிற சிறுதீனிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். கையால் காட்டினால் எடுத்துக் கொடுப்பார்கள், நின்றபடியே சாப்பிடலாம். உட்கார்ந்தால் பல இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று ‘கோப்பெர்த்தோ’ பில்லில் ஏறும். சார்தே இன் சாவோர் கேளுங்கள். சாளை மீனைப் பொரித்து, வதக்கிய வெங்காயம், வினிகர், உலர்திராட்சை எல்லாம் சேர்த்து ஊறவிட்டது. மாலுமிகள் கெடாமல் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த பண்டம். நேற்று வைத்த மீன் குழம்பு மாதிரி, மறுநாள்தான் ருசி. அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். ரியால்தோ மீன் சந்தைக்குக் காலையில் போங்கள், ஞாயிறும் திங்களும் கிடையாது. அம்மா பழக்கதோஷத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்ட, கடைக்காரர் பதறிப்போய்த் தடுத்தார். அம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் என்னிடம், “ஏலே, இது ஐஸ்ல கிடந்த மீன் இல்லலே” என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு வெனிசுக்குத் தேவையில்லை.

அம்மா கையை நீட்டியதைச் சொன்னதும் ஞாபகம் வருகிறது, விசாவுக்குக் கைரேகை எடுத்த கதை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வயதானவர்களைக் கூட்டிப் போகிறீர்களே. அம்மாவின் கைரேகை மெஷினில் விழவில்லை. வருஷக்கணக்காக மீன் கழுவி, பாத்திரம் தேய்த்த கை. மெஷினில் இருந்த பையன் “சரியா அழுத்துங்கம்மா” என்று ஏதோ அம்மா வேண்டுமென்றே ஏமாற்றுவது மாதிரி அதட்டினான். ரேஷன் கடையிலும் இதே பாடு, சிம் கார்டு வாங்கப் போனாலும் இதே பாடு. உழைத்துத் தேய்ந்த விரலுக்கு இந்த நாட்டில் எந்த மெஷினிலும் மரியாதை கிடையாது. சரி, விடுங்கள்.

அத்தானுக்கு நான் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். ரியால்தோ பாலத்துக்குப் பக்கத்தில் கோர்த்தே டெல் மிலியோன் என்று ஒரு முற்றம். மார்கோ போலோ குடும்பத்தின் வீடு இருந்த இடம். அவர் காயல் என்று எழுதிவைத்த துறைமுகம் எங்கள் பக்கத்துப் பழையகாயல்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. நம் கரையில் முத்துக்குளிக்கிறதையும் விவரமாக எழுதியிருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடந்துபோய் அம்மாவுக்குக் காட்டினேன். “அங்க இருந்து இங்க வந்தானா, இங்க இருந்து அங்க வந்தானா?” என்று கேட்டுவிட்டு, படியில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

கொண்டோலா என்கிற துடுப்புப் படகில் சவாரி போக நகராட்சி விலையே பகலில் 90 யூரோ, அரை மணி நேரம். நாங்கள் ஏறவில்லை. பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க திராகெத்தோ என்று ஒரு படகு இருக்கிறது, அதுவும் கொண்டோலா வகைதான், ஆளுக்கு 2 யூரோ. ஊருக்குள் பஸ் மாதிரி ஓடுகிற வபொரெத்தோ படகு ஒரு தடவை ஏறினாலே 9.50 யூரோ, அதனால் அதற்கு நாள் கணக்கில் பாஸ் எடுங்கள். ரூம் போடும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். படகுத் துறையில் இருந்து அங்கே போக எத்தனை பாலம், லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.